வட்டக் கோயிலுக்குப் பத்தொன்பது கருத்துகள்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் சத்தியம் செய்துவிட்டுப் பிறகு படி. இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டக் கூடாது. அங்கே உன்னோடு தங்கியிருப்பவர்களிடம்கூட. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. "அவளுக்கு இந்த வீட்லேர்ந்து ஒரு துண்டுக் காகிதம் போகக் கூடாது" என்று அப்பா சொன்னது உனக்குத் தெரியும். அம்மாவே எழுதுவதில்லை. எல்லோரும் படுத்த பிறகு நம் அறையில் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கூடத்தில் நாற்காலி கிரீச்சிட்டால் பேனா நின்றுவிடுகிறது. பதில் போட்டால் நூலகத்து முகவரிக்குப் போடு. நூலக அத்தை வாங்கி வைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ படம் போட்ட 'வட்டக் கோயில்' போன மாசமே நூலகத்துக்கு வந்துவிட்டது. அத்தையின் சட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர் பின்னட்டையில் ஒட்டிய தாளில் இரண்டு வரி கருத்து எழுதி, பிடித்ததா இல்லையா என்று குறி போட வேண்டும். பெயர் வேண்டாம், தொழில் போட்டால் போதும். எழுதாதவருக்கு அடுத்த புத்தகம் கிடையாது. பள்ளி விட்டதும் இப்போது நான் அங்கே உதவிக்குப் போகிறேன். மாசக் கடைசியில் குறிகளை எண்ணுவது என் வேலை.

போன ஞாயிறு அத்தை நம் வீட்டுக்கு வந்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க பெரிய பொண்ணு படம் போட்ட புத்தகம் வந்திருக்கு. ஒரு தடவை வந்து பாருங்களேன்."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கட்டடப் படிப்பைக் கடைசி வருஷத்துல விட்டுட்டு, தியானம்னு கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ற இடத்துல போய்ப் படம் போடறா. அதுல பார்க்க என்ன இருக்கு?"

"ஜனங்க எடுத்துட்டுப் போறாங்களே."

"என்ன சொல்றாங்க?"

"ரெண்டு விதமாவும் சொல்றாங்க."

அப்பா கை கழுவிவிட்டு வந்துதான் பேசினார். "சரி. இந்த மாசம் முடியட்டும். பாதிப் பேருக்கு மேல பிடிச்சிருக்குன்னு சொன்னா அவ ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும். இல்லேன்னா இந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. கடைசி நாள் நானே வந்து பார்க்கறேன்."

அம்மா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றாள்.

இதுவரை பதினோரு கருத்து. ஐந்து பேருக்குப் பிடித்திருக்கிறது, ஆறு பேருக்குப் பிடிக்கவில்லை.

பயத்துடன்,
உன் எலி

—

ஜூன் 9

என் எலிக்கு,

கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். சத்தியம் பாதி காப்பாற்றப்பட்டதாக எடுத்துக்கொள்.

அப்பா என்னை ஓட்டுப் பெட்டியில் போட்டுவிட்டாரா! அவர் எப்போதும் அப்படித்தான். தானாகச் சொல்ல மாட்டார், நாலு பேர் வாயில் வர வேண்டும். வர ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அம்மாவின் கையெழுத்தைப் பார்த்தே இரண்டு வருடம் ஆகிறது.

இங்கே வேலை சரியாக இருக்கிறது. விடியும் முன் எல்லோரும் கோயிலுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். நான் வாசலில் உட்கார்ந்து அவர்களுடைய செருப்புகளை வரைவேன். என்னால் கால் மணி நேரத்துக்கு மேல் கண்ணை மூட முடியாது. இதை அப்பாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார்.

ஆளுக்கு ஆள் என்ன எழுதினார்கள் என்று அப்படியே எழுதி அனுப்பு. திட்டியவர்களை விட்டுவிடாதே.

அன்புடன்,
அக்கா

—

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு நல்ல செய்தி. கருத்து பத்தொன்பது ஆகிவிட்டது. பத்துப் பேருக்குப் பிடித்திருக்கிறது, ஒன்பது பேருக்கு இல்லை. ஒன்றே ஒன்று கூடுதல், ஆனாலும் பாதிக்கு மேல். நீ கேட்டபடி சிலவற்றை எழுதுகிறேன்.

"படங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி. எழுத்து தலைக்குச் சூடு." — மருந்துக் கடைக்காரர். குறி: பிடிக்கவில்லை.

"இது புத்தகம் அல்ல, வழவழப்பான தாளில் விளம்பரம். ஆள் பிடிக்கிறார்கள்." — ஓய்வு பெற்ற கணக்கர். பிடிக்கவில்லை.

"பன்னிரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் இடது முழங்கால் தவறு. அப்படி உட்கார்ந்தால் ஆசனமே ஆகாது. குழந்தைகள் பார்த்துக் கெட்டுப்போவார்கள்." — உடற்பயிற்சி ஆசிரியர். பிடிக்கவில்லை.

"என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நாலு நாள் மடியில் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்றார். தாமதத்துக்கு மன்னிக்கவும்." — தையல்காரர். பிடித்தது.

"சாமியே இல்லாத கோயிலை எதற்கு இத்தனை பக்கம் வரைவது? இருந்தாலும் கூரையை வரைந்த கை நல்ல கை." — பேருந்து ஓட்டுநர். இவர் இரண்டு குறியும் போட்டுவிட்டார். அத்தை கூப்பிட்டு ஒன்றை அடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் யோசித்து, பிடிக்கவில்லை என்பதை அடித்தார்.

"கடைசிப் படத்தில் படி பெருக்கும் பாட்டி நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறாள். அதைப் பார்த்ததும் அலுவலகக் களைப்பெல்லாம் போய்விட்டது." — வங்கி ஊழியர். பிடித்தது.

இன்னும் ஒன்பது நாள். புதிதாக யாரும் எடுக்காமல் இருக்க, புத்தகத்தை அகராதிகளுக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன். நீ உன் துணிகளைத் துவைத்து வைத்துக்கொள்.

உன் எலி

—

ஜூன் 26

எலிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். ஓட்டுநருக்கு என் வணக்கத்தைச் சொல்.

உடற்பயிற்சி ஆசிரியர் சொன்னது சரி. அந்தப் படத்துக்கு உட்கார்ந்தவர் இங்கே தோட்ட வேலை செய்கிறவர். அவருக்கு இடது முட்டி மடங்காது. மடங்காததை மடங்கியதாக வரைய எனக்கு மனம் வரவில்லை. கணக்கர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எழுத்து என்னுடையது அல்ல, அதனால் சுலபமாக ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் முறை படித்தபோது வங்கி ஊழியரிடம் வந்து நின்றுவிட்டேன். படி பெருக்கும் பாட்டி புத்தகத்தில் இல்லை. பக்கம் கூடுகிறது என்று அச்சகத்தில் அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். நான் முதல்முதலாக இங்கே வந்து பார்த்துவிட்டுத் திரும்பியதும் நம் அறையில் தரையில் உட்கார்ந்து வரைந்த படம் அது. பார்த்தது நீ ஒருத்திதான். பென்சில் சீவிக் கொடுத்ததும் நீதான்.

எத்தனை கருத்து உன்னுடையது?

நீ புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை, இல்லையா?

எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கள்ள ஓட்டில் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். அப்பா வந்து பார்ப்பதற்கு முன் உன்னுடையதை எல்லாம் எடுத்துவிடு. தோற்றால் தோற்றதாக இருக்கட்டும்.

அக்கா

—

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று. வங்கி ஊழியர், பயணி, இரண்டு குழந்தைகளின் தாய். ஒன்றை இடது கையால் எழுதினேன், ஒன்றைச் சாய்த்து எழுதினேன், ஒன்றைப் பச்சை மையில் எழுதினேன்.

புத்தகத்தை நான் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அதைத் துடைத்து அடுக்கினேன், பின்னட்டையை மட்டும் பிரித்தேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போனது அந்தக் கோயில்தானே, அதை நான் ஏன் பார்க்க வேண்டும்? பிடிக்கவில்லை என்று நான் ஒரு குறி போட்டிருந்தால் அதுதான் உண்மையான குறியாக இருந்திருக்கும்.

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. பள்ளி விட்டதும் ஓடிப் போய் அத்தையிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "பச்சை மையைப் பார்த்த அன்னிக்கே நினைச்சேன். அந்தப் பேனா என்னோடதாச்சே" என்றார். சிவப்பு மையால் மூன்றையும் குறுக்கே அடித்து, பக்கத்தில் 'செல்லாது' என்று எழுதினார். ஏழு பேருக்குப் பிடித்தது, ஒன்பது பேருக்குப் பிடிக்கவில்லை.

மை காய்வதற்குள் அப்பா வந்துவிட்டார். நான் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒவ்வொரு குறிமேலும் விரல் வைத்து எண்ணினார். சிவப்புக் கோட்டில் விரல் நின்றது.

"இது யாரோடது?"

"பயந்த பிள்ளை ஒண்ணோடது."

அப்பா அந்த மூன்றையும் படித்தார். உனக்குத்தான் தெரியுமே, அலுவலகத்தில் கட்டட வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்தே எந்தப் பையன் போட்டது என்று சொல்லிவிடுவார். நான் அலமாரியோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

"அப்ப ஏழுக்கு ஒன்பது" என்றார்.

"ஆமா. நீங்க சொன்ன கணக்குப்படி பார்த்தா பொண்ணு வர முடியாது."

அப்பா போகவில்லை. தாளை மறுபடியும் மேலிருந்து கீழே படித்தார். முழங்கால் தப்பு என்று எழுதியிருந்த இடத்தில் உதட்டைப் பிதுக்கினார்.

"பதினாறு பேர் படிச்சிருக்காங்க. நான் இன்னும் படிக்கலையே" என்றார்.

"நீங்க ஒருத்தர் பிடிச்சிருக்குன்னு போட்டாலும் எட்டுக்கு ஒன்பதுதான்."

"எண்ணத் தெரியும்மா எனக்கு. பதிவுல எழுதிக்குங்க."

அப்பா நூலகத்தில் புத்தகம் எடுத்து நான் பார்த்ததே இல்லை. உறுப்பினர் அட்டை அவருக்குக் கிடையாது. என் அட்டையில்தான் எடுத்துக்கொண்டு போனார். அலமாரிக்குப் பின்னால் பார்த்து, "உன் அட்டையைக் குடு" என்று மட்டும் சொன்னார். வழியெல்லாம் முன்னால் நடந்தார். நான் பத்தடி பின்னால் வந்தேன். உன் கடிதம் என் கணக்கு நோட்டுக்குள் இருந்தது.

சாப்பிட்டதும் கூடத்து மேசையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். கதவு இடுக்கில் அவர் முதுகு தெரிகிறது. பக்கத்தை வேகமாகப் புரட்டவில்லை. கூரை வரைந்திருக்கும் பக்கத்தில் ஸ்கேலை வைத்து அளந்தார். அளந்துவிட்டு, தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். அம்மா பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். "கூரை கீழ விழுந்துடுமா?" என்று கேட்டாள். "விழாது" என்றார். அம்மா போய்ப் படுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது அப்பா சொன்னது எனக்குக் கேட்டது. "வாத்தியாருக்கு ஒண்ணும் தெரியலை. இது வலி உள்ள கால். பார்த்து வரைஞ்சிருக்கா."

அக்கா, இது பிடித்தது என்று அர்த்தமா? எனக்குத் தெரியவில்லை. இது நல்லதற்கா கெட்டதற்கா என்று நீதான் சொல்ல வேண்டும். பிடித்தது என்று அவர் குறி போட்டாலும் நாம் தோற்றதாகத்தான் ஆகும், எட்டுக்கு ஒன்பது. அவர் சொன்ன சொல்லை மாற்றி நான் பார்த்ததில்லை.

இப்போது பேனாவைத் திறந்துவிட்டார். எழுதுகிறார். நிறுத்திவிட்டு மறுபடியும் எழுதுகிறார். அம்மா அவர் தோளுக்கு மேலாகப் படிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. அப்பா எழுந்துவிட்டார். இந்தப் பக்கமாகத்தான் வருகிறார், நான் விளக்கை அணைக்கக்கூட

தட்டுகிறார். "தூங்கலைன்னு தெரியும். உன் நோட்லேர்ந்து ரெண்டு தாள் கிழிச்சுக் குடு. அத்தை ஒட்டின தாள்ல இடம் பத்தலை" என்கி