முதல் மூன்று விநாடிச் சத்தம்

தூத்துக்குடி,
ஆகஸ்ட் 19

அன்பு மகள் விஜிலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஏஞ்சலினும் மாதா புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள். வண்டிதான் பதினொரு நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்து நேற்று வந்தது. போனை வாங்கி ரெண்டு வார்த்தை பேசிவிட்டு அப்பா உடனே அம்மா கையில் தந்துவிடுகிறார், நான் இவ்வளவு தூரம் வந்த கோபம் இன்னும் தீரவில்லையா என்று நீ அழுததாக அம்மா சொன்னாள். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் வண்டியிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது வாங்கிய கார் அது. இன்ஜினுக்குக் கீழே சுற்றும் கிராங்கையும் மேலே வால்வைத் திறந்து மூடும் கேமையும் சேர்த்துப் பிடித்திருப்பது டைமிங் செயின். அது தேய்ந்து நீண்டால் ஒருநாள் பல் தாண்டும், தாண்டினால் வால்வு பிஸ்டனில் அடித்து நடுரோட்டில் இன்ஜின் முடிந்தது. காலையில் முதல் ஸ்டார்ட்டில், ஆயில் ஏறி டென்ஷனர் தேய்ந்த செயினை இறுக்கிப் பிடிக்கும்வரை, மூன்று விநாடி கலகலவென்று கேட்கும். அம்மா ஜூன் மாதமே சொன்னாள், ஏங்க, வண்டி எடுக்கும்போது கொத்துச்சாவிய ஆட்டுத மாதிரி கேக்குதே என்று. நான் நீள ஸ்க்ரூடிரைவரை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துப் பார்த்தேன். கப்பல் இழுக்கும் ஹார்பர் டக் படகில் முப்பத்தொரு வருஷம் அப்படித்தானே இன்ஜின் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. உன் வேலையைப் பாரு என்று அவளை வைதேன். அது தப்பு, அவளிடமும் சொல்லிவிட்டேன்.

மாதா கோயில் திருவிழா முடிந்து கொடியிறக்கிய மறுநாள் மெக்கானிக் நேசக்குமார் வந்தான், சாத்தான்குளத்துக்காரன். அவன் முன்னால் ஸ்டார்ட் செய்தேன். அண்ணாச்சி, செயின் இந்தப் போடு போடுதே, உங்களுக்குக் கேக்கலியா என்றான். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது, ஏலே, பிரிச்சுக் காட்டு என்றேன். ஒர்க்‌ஷாப்பில் வைத்து மூடியைக் கழற்றினான். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு மெல்லத் திருப்பினான், கீழே நன்றாக நகர்ந்த பிறகுதான் மேலே கேம் அசைந்தது, செயின் அவ்வளவு தளர்ந்திருந்தது. டென்ஷனர் முழுக்க வெளியே தள்ளி நின்றது, இனி இறுக்க இடமில்லை. அடியில் ஆயில் தேங்கும் சம்பில், செயினைத் தாங்கும் கைடின் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தன. அப்படியென்றால் சத்தம் இருந்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை.

அந்த வாரமே காது டாக்டரிடம் போனேன். வலது காது போய்விட்டது என்றார். யாரையும் குறை சொல்வதற்கில்லை, ஹார்பரில் காதை மூடத் தந்த மூடியை மாட்டினால் இன்ஜின் பேசுவது கேட்காது என்று ஆணியில் தொங்கவிட்டவன் நான்தான். போனில் நீ பேசுவது ரெண்டு வருஷமாகவே எனக்குப் பிடிபடுவதில்லை. உன் குரல் என்று தெரியும், என்ன சொல்கிறாய் என்று தெரியாது. சாப்பிட்டியாளா, சரி, இந்தா அம்மாட்ட பேசு, அவ்வளவுதான் மாட்டிக்கொள்ளாமல் சொல்ல முடிந்தது. ஏஞ்சலின் பாடியபோது அம்மா சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்தேன். எனக்கு உன் மேல் கோபம் ஒருநாளும் இல்லை மகளே. வெட்கம்தான்.

புதுச் செயின், கைடு, டென்ஷனர் எல்லாம் மாற்றியாயிற்று. காதுக்கு மெஷின் அடுத்த மாதம் வரும். அங்கே உன் காருக்கும் நாள் தள்ளாமல் ஆயில் மாற்று, அழுக்கு ஆயிலில்தான் செயின் சீக்கிரம் தேயும். உன் நெற்றியிலும் ஏஞ்சலின் நெற்றியிலும் நான் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள், மாப்பிள்ளைக்கும் என் ஆசீர். டிசம்பரில் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி கொண்டு வருவேன். ஒன்று மறக்காதே, முன் சீட்டில் அம்மாவை ஏறவிடாமல் நீ உட்கார். இடது காதில் இன்னும் பாதி கேட்கிறதாம், அது உன் பக்கம் இருக்கும். வீடு வந்து சேர நாலு மணி நேரம் ஆகும், ரெண்டு வருஷமாக நீ சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
இஞ்ஞாசி