சிரிப்பைக் குறிக்கவில்லை

ஏப்ரல் 18, 1972. செவ்வாய்

‘அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகள்’ வகுப்பு இன்று தொடங்கியது. இங்கே ஒரு வழக்கம்: வகுப்பில் பேசியதை ஒரு மாணவர் எழுதி, ஸ்டென்சில் எடுத்து, எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். புரோட்டோகோல் என்கிறார்கள். ஒரு பிரதி வாசல் பலகைக்குப் போகும். யார் எழுதுவது என்று பேராசிரியர் கேட்டதும் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். பருவம் முழுக்க நானே எழுதுகிறேன் என்றேன். எழுதுகிறவள் பேச வேண்டாமே. பிராங்பேர்ட் வந்து ஆறு மாதத்தில் வகுப்பில் நான் சொன்ன முதல் வாக்கியம் அது.

ஏப்ரல் 25. செவ்வாய்

பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டிய கதை. கூடப் படிக்கும் ரெனாட்டே கட்டுரை படித்தாள். பேச்சு வியட்நாமுக்குத் திரும்பி, எல்லோருக்கும் முகம் சிவந்துவிட்டது. அப்போது உமாபதி எழுந்தார். தஞ்சாவூர்க்காரர், கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி. இங்கிலீஷில் நடக்கிற வகுப்பு என்பதால் லேபிலிருந்து தப்பித்து வந்து உட்காருகிறவர்.

“அமெரிக்கப் படைத் தலைமையகம் இங்கிருந்து கொஞ்ச தூர நடைதான். நாம் எதை எறியப்போகிறோம்?” என்று கேட்டு, கொஞ்சம் நிறுத்தி, “கேண்டீன் உருளைக்கிழங்கு உருண்டையைவிடக் கெட்டியாக நம்மிடம் எதுவும் இல்லை” என்றார். அறையே சிரித்தது. ரெனாட்டே மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நான் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும், “என்ன மேடம், என்னையும் நோட் பண்ணிட்டீங்களா? ஹிஸ்டரில எனக்கும் ஒரு சீட் போட்டாச்சு!” என்றார்.

மே 2

போன வார வகுப்புக்கு நான்கு பக்கம். யார் சொன்னது என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பெயர் போட்டேன். ஊரில் காலேஜில் லெக்சரர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதியவள். வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது. உருண்டையை மட்டும் விட்டுவிட்டேன். சிரிப்பையும். வரலாற்றுக் குறிப்பில் அதெல்லாம் எதற்கு?

பேராசிரியர் பாராட்டினார். ரெனாட்டே படித்துவிட்டு, “பெயர் எதற்கு? நாங்கள் போடுவதில்லை” என்றாள்.

ஏன் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள்.

மே 11. வியாழன்

விடுமுறை. மாலை ஏழு மணி இருக்கும், ஹாஸ்டல் கண்ணாடிகள் அதிர்ந்தன. இடி என்று நினைத்து, காயப்போட்ட துணியை எடுக்க ஓடினேன். வானத்தில் மேகமே இல்லை.

தலைமையகத்தில் குண்டு. ஒருவர் இறந்துவிட்டாராம்.

மே 16. செவ்வாய்

வாசலில் போலீஸ். வகுப்பில் பாதிப் பேர் இல்லை. பலகையில் மற்ற வாரத்துத் தாள்கள் எல்லாம் இருக்கின்றன. ஏப்ரல் 25 மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு குண்டூசிகளும் திருப்பிக் குத்தப்பட்டிருந்தன. எடுத்தவருக்கு அவசரமே இல்லை.

மே 17

காற்றில் போயிருக்கலாம். காற்று குண்டூசி குத்துமா?

மே 30

கேண்டீனில் உமாபதி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“விசா எக்ஸ்டென்ஷன் கிடையாதாம். ஜூன் முப்பதுக்குள்ள கிளம்பணும். ஃபைல்ல உங்க பேப்பர் இருக்கு வேதவல்லி. என் சென்டென்ஸுக்குக் கீழே சிவப்புக் கோடு.”

ஆராய்ச்சி முடிய இன்னும் நான்கு மாதம். நான்கு வருட வேலை அப்படியே போய்விடும். “நான் சொன்னதைத்தானே எழுதினீங்க, விடுங்க” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஏன்டி அந்த உருண்டையை விட்டே? பெரிய சரித்திர ஆசிரியையா நீ?

ஜூன் 7. புதன்

வெளிநாட்டார் அலுவலகத்துக்கு நானே போனேன். யாரும் கூப்பிடவில்லை. “நீ இங்கே தங்கும் அனுமதியும் அதே மேசையில்தான்” என்று ரெனாட்டே தடுத்தாள்.

அது வேடிக்கைப் பேச்சு, எல்லோரும் சிரித்தார்கள் என்றேன். உருண்டையையும் சொன்னேன். அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். மரியாதையான குரல்.

“யார் யார் சிரித்தார்கள்?”

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. யார் முதலில், யார் கடைசியில், யார் எந்த நாற்காலியில். அதுதானே என் கெட்டிக்காரத்தனம்.

“நான்” என்றேன்.

“வேறு?”

“குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். யாரையும் பார்க்கவில்லை.”

“எழுதிக்கொண்டே சிரித்தீர்கள்?”

“ஆமாம்.”

எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். என் புரோட்டோகோலைவிடச் சின்னது. அதில் சிரித்தவர் ஒருவர்தான்.

ஜூன் 27. செவ்வாய்

உமாபதிக்கு அக்டோபர் கடைசி வரை முத்திரை விழுந்துவிட்டது. லேப் கோட்டோடு ஓடிவந்தார். “அவன்கிட்ட என்ன சொன்னீங்க மேடம்?” நடந்ததைச் சொன்னேன் என்றேன்.

தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்த என் பாஸ்போர்ட் வரவில்லை. அதே அலுவலகத்திலிருந்து தபாலில் ஒரு தாள் வந்திருக்கிறது. ஜூலை ஐந்தாம் தேதி நேரில் வர வேண்டும். இந்தப் பருவத்தில் எழுதிய எல்லா நோட்டுகளையும், சொந்தக் குறிப்புகள் உட்பட, கொண்டுவர வேண்டும். தமிழில் இருந்தால் பரவாயில்லையாம், அவர்களிடம் ஆள் இருக்கிறாராம்.

இந்த நோட்டைப் புரட்டினேன். ரெனாட்டே மேசையைத் தட்டிச் சிரித்தது இருக்கிறது. என் கையெழுத்து எவ்வளவு தெளிவு!

நாளை கடைக்குப் போக வேண்டும். இதே பச்சை அட்டையில் இன்னொன்று கிடைக்கும். இதை எங்கே வைக்கிறேன் என்று இதில்கூட எழுதப்போவதில்லை. புது நோட்டில் என்ன எழுதுவது என்று மட்டும் இங்கே ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 25, 1972. செவ்வாய்

மழை. பாஸ்டன் துறைமுகம் பற்றி வகுப்பு. உமாபதி கேண்டீன் உருண்டையை வைத்து ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். நான் சிரித்தேன். வேறு யார் இருந்தார்கள் என்று கவனிக்கவில்லை.