காம்பிங் அல்ல, நேர்த்தி

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
ஓகஸ்ட் 11

அன்பு மகள் சுரேகாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர. அது என்னோடு சேராமல் தனியாக வாழ்கிறது. நீயும் திலக்ஷனும் பேரன் நோவாவும் அங்கே குளிருக்குள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். வாட்ஸப் இருக்க இந்த மனிதர் ஏன் முத்திரை ஒட்டுகிறார் என்று யோசிப்பாய். என் போனுக்கு வருவதையும் போவதையும் எனக்கு முன்பே உன் அம்மா வாசித்துவிடுகிறாள். தபாற்காரர் அப்படிப்பட்டவர் அல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். ஒக்டோபரில் உன் அம்மா மெல்பேர்ணுக்கு வந்து மூன்று மாதம் நோவாவைப் பார்த்துக்கொள்வதென்று எல்லாம் முடிவாகி, விசாவும் கையில் கிடைத்த கிழமையில்தான் நீ அந்தச் செய்தியை அனுப்பினாய். நவம்பரில் நோவாவையும் தூக்கிக்கொண்டு மலைக்காட்டில் மூன்று நாள் கூடாரம் அடிக்கப் போகிறோம், அம்மாவும் வந்தால் சந்தோஷம் என்று. நல்ல மனதோடுதான் எழுதினாய். உன் அம்மா அதை வாசித்துவிட்டு, நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கித் தரச்சொல்லி, சுவர் எங்காவது இருக்கிறதா என்று நாலு பக்கமும் தேடினாள். பிறகு, மூணு அறை வீட்டை வச்சுக்கொண்டு பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டில போடுறாளா, இவளுக்குப் பேய் பிடிச்சிட்டுதா என்று என்னைக் கேட்டாள். நான் தெரியாது என்றேன். குழந்தைக்கு நோவா என்று பேர் வைத்ததே பிழையாம், வேதத்தில் வரும் அந்த மனிதரும் வீடு வாசலை விட்டுக் குடும்பத்தோடு கிளம்பினவர்தானாம். கடைசியில், அந்தப் பிள்ளை காட்டுக்குப் போறதெண்டால் நான் பிளேன் ஏற மாட்டேன், போய்ச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு உனக்கு வாங்கி வைத்த மாசிக் கருவாட்டையும் மிளகாய்த்தூளையும் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். நீ ஞாயிற்றுக்கிழமை எடுத்த போன் கோல்களுக்கு அவள் வராமல் பூசையில் இருந்தாள் என்று நான் சொன்னது உண்மைதான், ஆனால் மூன்று பூசை கண்டாள் என்பதைச் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். எண்பத்து மூன்று கலவரத்தில் பாமன்கடை வீட்டை விட்டு வெறும் காலோடு ஓடி, இரத்மலானை விமானக் கொட்டகையில் அகதியாகப் பதின்மூன்று நாள் இருந்தவள் உன் அம்மா. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அவள் அக்காவின் நான்கு மாதக் குழந்தை அந்தப் பதின்மூன்று நாளும் இவள் மடியில்தான் கிடந்தது. இதை உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள், எனக்கே இத்தனை வருடத்தில் இரண்டு தரம்தான் சொன்னாள். ஆகவே வீட்டை வைத்துக்கொண்டு குழந்தையோடு வெளியே படுப்பது அவளுக்கு உல்லாசமாகப் படவில்லை என்றால் நீ கோபிக்கக்கூடாது. சரி, அப்படியென்றால் நாங்கள் போகவில்லை, அம்மா வந்தால் போதும் என்று நீ எனக்கு எழுதியதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமும் வரவில்லை. திலக்ஷன் அந்த இடத்துக்காக எத்தனை மாதம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தச் செய்தியை உன் அம்மா கண்ணில் படமுன் அழித்துவிட்டு, எப்போதும் போல எதுவும் செய்யாமல் இருந்தேன்.

இது இப்படி இருக்க, அதே கிழமை நாங்கள் தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் புறப்பட்டோம். உன் தம்பி பிறெடி, அவன் மனைவி லவினா, அவர்களுடைய ஆறு மாதக் குழந்தை ஷெனாயா, நாங்கள் இருவர். ஐந்து நாள், கோயில் வளவில், வழக்கம்போல மரத்தடியில் தறப்பாளைக் கூரையாகக் கட்டி. சாமான் கட்டும்போது லவினா, பாவம், புதிசாக வந்த பிள்ளை, மாமி இதுவும் காம்பிங்தானே என்று கேட்டுவிட்டது. உன் அம்மா நிமிர்ந்து, அது காம்பிங் மகள், இது அன்னம்மாளுக்கு வச்ச நேர்த்தி, ரெண்டும் ஒண்டா என்றாள். லவினா இல்லை என்றது. மட்டக்குளியிலிருந்து வான் கொண்டுவந்த பாலசுந்தரமும் இல்லை என்றார், அவரை யாரும் கேட்கவில்லை. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கப்பலில் சாமான் ஏறுவதைப் பார்த்தவன் நான். அந்த வானில் ஏறியதுபோல் எங்கும் கண்டதில்லை. காஸ் அடுப்பு, இடியப்ப உரல், குழந்தை குளிக்கும் பேசின், நுளம்பு வலை, நிற்கும் மின்விசிறி, அன்னம்மாளைப் பார்க்கப் போகிற இடத்துக்கு வீட்டிலிருந்து ஒரு அன்னம்மாள் சுரூபம். அம்மிக்கல்லை நான் வாசலில் மறித்துவிட்டேன். குழவி மட்டும் எப்படியோ வந்துவிட்டது. திலக்ஷன் போன வருடம் பிறெடிக்குக் கொடுத்தனுப்பிய, வீசினால் தானே விரிகிற சின்னக் கூடாரத்தையும் பிறெடி கொண்டுவரக் கேட்டான். குடைக்குள்ள பிள்ளையைப் படுக்க வைக்கவா என்று அம்மா அதை வானிலிருந்து இறக்கினாள். பிறெடி அதை மறுபடி பின் சீற்றுக்கு அடியில் ஏற்றினான். நான் இரண்டையும் பார்த்தேன், சொன்னேனில்லையா, எதுவும் செய்யவில்லை.

இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டு முடிய, கடற்காற்று ஒன்று வந்தது பார். உன் அம்மா தறப்பாளின் கீழ் ஏணையில் ஷெனாயாவை ஆட்டிக்கொண்டிருந்தாள். தறப்பாளின் ஒரு முனை வானின் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் கட்டியிருந்தது. அது பாலசுந்தரத்தின் யோசனை. முதலில் கண்ணாடி போனது. அடுத்ததாகத் தறப்பாள் எழும்பி, பக்கத்தில் இருந்த நீர்கொழும்புக் குடும்பத்தின் சோற்றுப் பானைக்கு மேலாகப் பறந்து, காய்ந்துகொண்டிருந்த ஒரு பாவாடையையும் கூட்டிக்கொண்டு கடலைப் பார்த்துப் போனது. அய்யே, பிடிங்க பிடிங்க என்று சனம் கத்த, பிறெடியும் பாலசுந்தரமும் பின்னால் ஓட, ஒரு பாதிரியாரும் கொஞ்சத் தூரம் ஓடினார். கோயிலுக்கு வந்த சனம் இவ்வளவு பக்தியோடு மேலே பார்த்ததை நான் கண்டதில்லை. இங்கே மணல் ஊசிபோலக் குத்துகிறது, குழந்தை வீரிடுகிறது, உன் அம்மா அதை நெஞ்சோடு அணைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, ஆராவது ஒரு மறைப்புக் கொண்டு வாங்களேன், மனுசா, என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க என்று என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் விளையாட்டு இருக்கவில்லை. அவள் தலவிலவில் நிற்கவில்லை என்று எனக்கு விளங்கியது.

அப்போதுதான் முழங்காலையும் மறந்து நான் வானுக்கு ஓடினேன். சீற்றுக்கு அடியிலிருந்து அந்த வட்டப் பையை இழுத்து, வாரைக் கழற்றி வீசினேன். கண் மூடித் திறக்க முன் ஒரு வீடு நின்றது. உன் அம்மா சிலுவை அடையாளம் போட்டாள். முளைகளை அடிக்கச் சுத்தியல் இல்லை, குழவி இருந்தது. அடித்து முடிக்க முன்பே அவள் குழந்தையோடு உள்ளே தவழ்ந்துபோய் வாசல் சிப்பை இழுத்து மூடிவிட்டாள்.

பிறகு சத்தமே இல்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் ஒரேயடியாக இருபது நிமிடம் தூங்காத ஷெனாயா இரண்டு மணித்தியாலம் தூங்கியது. நாங்கள் நாலு பேரும் வெளியே மணல் தின்றுகொண்டு இருந்தோம். நடுவில் சிப் ஒரு சாண் திறந்து, ஒரு கை வெளியே வந்து தேத்தண்ணி கேட்டது. கொடுத்தோம், கை உள்ளே போனது. இடம் இருக்கா என்று பிறெடி கேட்டதற்கு, பெரியாக்களுக்கு இல்லை என்று பதில் வந்தது. நீர்கொழும்புப் பெண் தன் எட்டு மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து தயங்கி நின்றாள், உன் அம்மா அவனை உள்ளே எடுத்தாள். பின்னேரத்துக்குள் வேறும் இரண்டு குழந்தைகள் வந்து சேர்ந்தன. அந்தக் கூடாரம் இரண்டு பேருக்கு என்று பையில் எழுதியிருக்கிறது.

அந்தப் பெண்தான் வாசலில் குந்திக்கொண்டு, அன்ட்டி நல்லாப் பழகின ஆள் மாதிரி இருக்கு, அடிக்கடி காம்பிங் போவீங்களா என்று கேட்டது. உள்ளேயிருந்து உன் அம்மா பெருமையோடு, ஓம் பின்ன, என்ர மூத்தவளை, இந்தப் பிள்ளையிட மாமியை, ஏழு மாசத்தில இதே மண்ணுக்குத் தூக்கிக்கொண்டு வந்து பத்து நாள் வச்சிருந்தனான், ஒரு தும்மல் கூட இல்லை, வருசா வருசம் பிள்ளைகளோட காம்பிங், என்று சொல்லிக்கொண்டு வந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். லவினா என்னைப் பார்த்தது. நான் கடலைப் பார்த்தேன். கடல் நன்றாக இருந்தது.

மிச்ச நாட்களில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. திரும்பி வரும்போது சிலாபம் தாண்டத்தான் உன் அம்மா, சுரேகா போற அந்தக் காட்டில தண்ணி எடுக்க இடம் இருக்காமா என்று கேட்டாள். மாரவிலையில், கக்கூஸ் எவ்வளவு தூரமாம் என்றாள். நீர்கொழும்பில், நவம்பரில காத்து எந்தப் பக்கம் அடிக்குமாம். எனக்கு எப்படித் தெரியும், இருந்தாலும் மேற்கிலிருந்து என்றேன். வத்தளையில், கொட்டகையில படுத்தது வேற, அங்க எங்களைக் கொண்டுபோய் விட்டாங்க, இஞ்ச நாங்களாப் போறம் என்று மெதுவாகச் சொன்னாள். என்னிடம் சொன்னாளா, தனக்குச் சொன்னாளா தெரியாது. நான் அவள் கையைப் பிடித்தேன். பாலசுந்தரம் கண்ணாடியில் பார்க்கவில்லை, கண்ணாடி இல்லை.

நேற்றுக் காலையே டிக்கெட்டைப் போட்டுவிட்டாள். ஒக்டோபர் பதினெட்டு, இரவு விமானம். மாசியும் மிளகாய்த்தூளும் பெட்டிக்குள் திரும்பிவிட்டன. நீங்கள் இருவரும் அந்தப் பயணத்தை விடவேண்டாம். ஞாயிறு கோலில் இதை அவள் தன்னுடைய யோசனையாகச் சொல்வாள், நீ முதல் தரம் கேட்பதுபோல் ஆச்சரியப்படு, திலக்ஷனையும் பழக்கி வை. குளிரில் நோவாவுக்குக் காதை மூடித் தொப்பி போடு, உன் இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. அன்னம்மாள் உங்கள் மூவரையும், நீங்கள் எங்கே படுத்தாலும், தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

மறக்க முன் முக்கியமானது. உனக்கும் திலக்ஷனுக்கும் வேறொரு கூடாரம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நோவாவோடு அவள்தான் படுப்பாளாம், பெரியாக்களுக்கு இடமில்லையாம்.

என்றும் உன் நலம் நினைக்கும் அப்பா,
கிளறன்ஸ்