பனி என்று நீ எழுதியது

கரமனை,
புதன்கிழமை மாலை.

அன்பு மகள் ஷெமிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம் என்று சொல்லிவிட்டு உன் சுகத்தைக் கேட்பதுதான் முறை, ஆனால் இந்தத் தடவை உன் சுகம் தெரிந்த பிறகுதான் எங்கள் சுகத்தைச் சொல்ல முடியும். போனில் நான் ஆரம்பித்தாலே ஒண்ணுமில்லம்மா என்று வைத்துவிடுகிறாய். மாடி வீட்டு பினு நாளை விடியலில் நீ இருக்கும் டொராண்டோவுக்கே வேலையில் சேரப் புறப்படுகிறான், அவன் கையில் இதைக் கொடுக்கிறேன்.

தப்பு என்னுடையது. போன வாரம் திங்கட்கிழமை, இங்க ரெண்டு நாளா பனிம்மா, வெளிய போகல்ல என்று எழுதினாய். மலையாளப் பள்ளியில் படித்த உனக்குப் பனி என்றால் காய்ச்சல், நாகர்கோவிலில் வளர்ந்த எனக்கு அது வானத்திலிருந்து விழுவது. ஜன்னல் வழியா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று கேட்டேன், நீயும் படுத்த இடத்திலிருந்தே அனுப்பினாய், வெளியே நிஜமாகவே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதைச் சாலை பஜாரில் நம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை உன் அறைத்தோழி ஆஷா கூப்பிட்டு, ஆன்டி, பனி இதுவரை கொறஞ்சிட்டில்ல என்றாள். ஏப்ரல் வரைக்கும் குறையாதாமே மோளே என்று சிரித்தேன்.  ஸ்நோ அல்ல ஆன்டி, ஷெமிக்குக் காய்ச்சல் என்றாள் அவள்.

இன்றோடு பன்னிரண்டு நாள். அவ என்ன கைப்பிள்ளையா, ஒரு காய்ச்சலுக்குக் கடல் தாண்டி ஆள் விடுறியே என்று அப்பா என்னைக் கிண்டல் செய்தார். இன்று அவர் கடையைத் திறக்கவில்லை. நான் வரலாமென்றால் விசாவுக்கே மாதக்கணக்கு ஆகுமாம். பதிமூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், துபாய் வரை நாலேகால் மணி நேரம், அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு, பிறகு பதினான்கு மணி நேரம். வியாழன் விடியலில் ஏறுகிறவன் அங்கே வியாழன் பிற்பகலிலேயே இறங்குகிறான், காலண்டரைப் பார்த்தால் பக்கத்து ஊர் மாதிரி இருக்கிறது. ஆனால் நான் எழுதுவதற்கும் நீ படிப்பதற்கும் நடுவே முப்பது மணி நேரத்துக்கு மேல் கிடக்கிறது, அதற்குள் உனக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நேற்று நீ மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினாய். படி ஏறிட்டிருக்கேன் என்றாய். நீ கட்டிலை விட்டே இறங்கவில்லை என்று ஆஷா சொன்னாள். பத்தாம் வகுப்பில் நிமோனியா வந்தபோதும் உனக்கு இதே மூச்சுதான், அந்த எக்ஸ்ரேயும் ரிப்போர்ட்டும் பினுவின் பையில் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் எட்டு மணி நேரம் உட்கார வைப்பார்கள், பரீட்சை போய்விடும் என்கிறாய். உட்கார். பரீட்சை போகட்டும்.

ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருப்பாராக. இன்சூரன்ஸ் கார்டை எடுத்துக்கொள். உன்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் வாசலை விட்டு நகர மாட்டேன் என்று பினு எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். பதில் எழுத உட்காராதே என் செல்ல மக்களே, காகிதத்தை வைத்துவிட்டு எழுந்திரு. எழ முடியவில்லை என்றால் அதை அவனிடம் சொல், என்னிடம் சொன்ன மாதிரிச் சொல்லாதே.

உன் அம்மா,
ஜெபமலர்