படத்தில் இருக்கும் அம்மா எழுதுவது

பரளச்சி,
ஐப்பசி, மழை விட்ட காலை.

அன்பு மகள் பிரவீணாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம். பெங்களூரில் நீயும் மாப்பிள்ளை கார்த்தீஸ்வரனும் உன் வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே உன் அப்பா பிடுங்கிப் பேசிவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் மழைச் சேதி. இந்த வருஷம் நல்ல மழை. கரிசல் ஊறிக் கிடக்கிறது, செருப்போடு காட்டுக்குள் இறங்கினால் செருப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. கொத்தமல்லி விதைத்தவர்கள் முகமெல்லாம் தெளிந்திருக்கிறது. நம் கடைக்குத் தவிடு வாங்க வருகிறவர்கள்கூட நின்று நாலு கதை பேசிவிட்டுத்தான் போகிறார்கள்.

நீ எழுதி வரைந்த படக்கதைப் புத்தகமும் வந்துவிட்டது. வந்து ஒரு மாதம் வரை எனக்குத்தான் தெரியாது. உன் அப்பா பிரித்துப் பார்த்துவிட்டுப் பயந்துபோய்ப் புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டார். மூட்டையை நகர்த்தும்போது கையில் அகப்பட்டது. ஏன் ஒளித்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஒன்னையத்தான அவ படமாப் போட்டிருக்கா, நீ வருத்தப்படுவியோன்னு இருந்துச்சு" என்றார். புத்தகம் இப்போதும் கடலைப் புண்ணாக்கு வாசம் அடிக்கிறது.

தராசுப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். மழையே பெய்யாத ஊரில் ஒரு அம்மா மட்டும் நனைந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மகளைத் தவிர யார் கண்ணுக்கும் அந்தக் கம்பளி தெரியவில்லை. சோம்பேறி என்கிறார்கள், பேய் ஓட்டக் கோடாங்கியை அழைத்து வருகிறார்கள். அவளோ கையைத் தூக்க முடியாமல் இருக்கிறாள்.

உன் தம்பி ஜெயக்குமார் பிறந்தபின் நான் கிடந்த கிடப்பு அதுதான். நீ அப்போது இரண்டாம் வகுப்பு. தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாய் என்று நினைத்திருந்தேன். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய்.

நான் வருத்தப்படவில்லை, பிரவீணா. மனச்சோர்வு என்று அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டரம்மா அன்றைக்குப் பெயர் சொன்னார், மாத்திரையும் கொடுத்தார், குணமும் ஆனது. ஆனால் அது எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரிந்ததில்லை. அந்தக் கம்பளியைப் பார்த்ததும், "ஆமா, இதேதான்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் கழித்து ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஆனால் சில குறைகள் உண்டு. என் மூக்கு அவ்வளவு பெரிதா? எந்தக் காலத்தில் நான் உச்சியில் கொண்டை போட்டேன்? அப்பாவுக்கு நீ வரைந்திருக்கிற தொப்பையைப் பார்த்து நான் சிரித்ததற்கு அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாளிலிருந்து காலையில் கண்மாய்க் கரையில் நடக்கப் போகிறார். திரும்பி வரும்போது இரண்டு வடை சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்று டீக்கடைக்காரர் என்னிடம் சொல்லிவிட்டார்.

ஒரு பக்கத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாத்திய கதவுக்கு வெளியே அந்தச் சின்னப் பிள்ளை நின்றுகொண்டு, "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்கிறதே, அந்தப் பக்கம். அன்றைக்கு அதற்குமேல் புரட்ட முடியவில்லை. நீ ஒரு தப்பும் செய்யவில்லை, தாயி. நீ கொண்டுவந்து வைத்த தண்ணீரைத்தான் நான் குடித்தேன். எழுந்துவிட்டேனா என்று எட்டிப் பார்க்க ஒரு பிள்ளை இருந்ததால்தான் எழ வேண்டும் என்றே தோன்றியது.

இனிமேல்தான் பெரிய சேதி. புத்தகத்தைக் கல்லா மேலேயே வைத்திருந்தேன். கீழத்தெரு பாண்டீஸ்வரி பருத்திக்கொட்டை வாங்க வந்தாள். கூட வந்த மகள் சுமதி, ஒன்றாம் வகுப்புதான், புத்தகத்தை எடுத்துப் படம் பார்த்தாள். பார்த்தவள் திடீரென்று, "யம்மா, நம்ம அப்பாட்டயும் இந்தப் போர்வை இருக்கு" என்றாள்.

பாண்டீஸ்வரிக்கு முகம் வெளிறிப்போனது. அவள் புருஷன் மருதுபாண்டி லாரி ஓட்டுகிறவர். மூன்று மாதமாக வண்டி எடுக்கவில்லை. ஊரில் குடி என்றார்கள், திமிர் என்றார்கள். பாண்டீஸ்வரி மகளின் வாயைப் பொத்தப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு, பிள்ளை சரியாத்தான் சொல்லுது. இந்தப் படத்துல இருக்கறது நான்தான்" என்றேன். அதுவரை நம் வீட்டுக்கு வெளியே யாரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னபின் பார்த்தால் வானம் இடிந்து விழவில்லை. "ஒங்களுக்கா அக்கா? நீங்க நல்லாச் சிரிக்கிறவுகளாச்சே" என்றாள் அவள். அழுதாள், பிறகு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

புத்தகத்தைச் சுமதியிடமே கொடுத்தனுப்பினேன். அவள் எழுத்துக் கூட்டிக் கூட்டி அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். கம்பளிப் பக்கம் வந்ததும் அவர் பிள்ளையின் கையைப் பிடித்து அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாராம். அடுத்த வாரம் நான், அவர், பாண்டீஸ்வரி மூவரும் பஸ்ஸேறி அருப்புக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் உள்ளே போகத் தயங்கி நின்றார். "நான் போயிட்டு வந்த வாசல்தான் தம்பி, உள்ள ஒண்ணும் கடிக்காது" என்றேன். லேசாகச் சிரித்தார், போனார்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். பேச்சு இன்னும் குறைவுதான், சில நாள் படுத்தும் விடுகிறார். ஆனால் நேற்று அவரே புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு வந்து மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். உன் அப்பாவையும் புத்தகத்துத் தொப்பையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "படத்துல கொஞ்சம் கம்மியாத்தான் போட்டிருக்கு" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. உன் அப்பாவும்தான் சிரித்தார். பள்ளிக்கூடத்து டீச்சர் பத்துப் புத்தகம் வேண்டுமென்று கேட்டிருக்கிறார், அனுப்பி வை.

இனி உன் விஷயம். பிரசவத்தைப் பெங்களூரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நீ சொல்வதாக மாப்பிள்ளை சொன்னார். அங்கே ஆஸ்பத்திரி வசதி அதிகம் என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. புத்தகத்தைப் படித்துவிட்டேனே, அம்மாவுக்கு வந்தது நமக்கும் வருமோ என்று நீ எண்ணுவது எனக்குத் தெரியாதா?

வரலாம், வராமலும் போகலாம். வந்தால் வாசலிலேயே அடையாளம் கண்டுபிடிப்பேன். எனக்கு அது பழகிய முகம். சோம்பேறி என்று சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை. டாக்டரைப் பார்க்க நாள் கடத்த மாட்டோம். எது நல்லது என்று நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்யுங்கள். நீ இங்கே வராவிட்டால் நான் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு அங்கே வருகிறேன். எங்கே என்று மட்டும் சொல்.

பிறக்கிற பிள்ளையைத் தூக்க ஆயிரம் கை வரும். அதைப் பார்க்க வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்.

நீ நிறைவாக இருக்க வேண்டும் என்று திருச்சுழி சாமியை வேண்டிக்கொள்ளும்,
உன் அம்மா
தங்கச்செல்வி