இரண்டு பேருக்கு ஒரு கட்டைவிரல்

செப்டம்பர் 3, புதன்

ஓய்வு நாள். அட்டவணையில் இல்லாத ஓய்வு நாள். கூட வந்த ஆறு பேரும் ஏரியைச் சுற்றிவரப் போய்விட்டார்கள். நான் விடுதிக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது.

வழிகாட்டிக்கு நம் பேச்சு தெரியாது, நமக்கு அவன் பேச்சு தெரியாது. அதனால் காலைச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பான். கட்டைவிரல் மேலே என்றால் நடை, கீழே என்றால் ஓய்வு. இன்று என்னைப் பார்த்தான். நான் கையைத் தூக்குவதற்குள் இவர் தன் விரலைக் கீழே திருப்பிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இவளுக்கு முடியல. நானும் கூட இருந்துக்கறேன்" என்றார்.

கூட வந்தவர்களில் ஒருவரான பல் டாக்டர் அம்மா என் தோளைத் தடவினார். "குடுத்து வச்சவங்க நீங்க."

முப்பது வருஷம் தபால் நிலையத்தில் நின்றபடியே கடிதம் பிரித்தவள் நான். எனக்கா முடியவில்லை?

செப்டம்பர் 4

மழை. யாருமே போகவில்லை. துணி காயவில்லை. நிம்மதி.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆற்றோரமாக நான்கு மணி நேரம். சமதரைதான். போட்டோ எடுக்கிறேன் என்று இவர் நூறடிக்கு ஒரு தரம் நின்றார். சாயங்காலம் போனை வாங்கிப் பார்த்தேன். மொத்தம் ஏழு போட்டோ, அதில் மூன்று அவருடைய ஷூ.

நடக்கும்போது பழசெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். பதவி உயர்வோடு வந்த மாற்றலை இவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தபோது, "வீட்ல அவளுக்கு அந்த ஊர் ஒத்துக்காது." அந்த ஊரை நான் பார்த்ததுகூட இல்லை. தம்பி வீட்டு விருந்துக்குப் போகப் பிடிக்கவில்லையா, "அவளுக்குத் தலைவலி." எனக்கே தெரியாமல் என் தலை எத்தனை தரம் வலித்திருக்கிறது!

நானும் ஒரு நாள் மறுத்ததில்லை. நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டே இருபத்தெட்டு வருஷம்.

செப்டம்பர் 6

நாளைக்குக் கணவாய். நான் வந்ததே அதற்காகத்தான். அங்கே ஏறி நின்றால் இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் பனி. படத்தில் பார்த்த நாளிலிருந்து மலைக்குப் போகலாம் மலைக்குப் போகலாம் என்று இவரை அரித்தெடுத்தேன். முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு ஆறு மாதம் மொட்டை மாடிக்கு ஏறி இறங்கினேன். எதிர் வீட்டில் என்ன நினைத்தார்களோ.

"மூஞ்சியே வாடிப்போச்சு உனக்கு. நாளைக்கு ரெஸ்ட் எடுத்துக்கலாம்" என்கிறார் இப்போது.

வாடவில்லை. கண்ணாடி பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

போய்வந்துவிட்டேன்.

காலையில் இவர் கை மேசையிலிருந்து எழும்பியது. அதைப் பிடித்து அப்படியே அழுத்தினேன். என் விரலை மேலே காட்டினேன். "எனக்கு முடியும். நான் போறேன்."

"அப்ப நான்?"

"உங்க விரலை நீங்க காட்டுங்க."

எல்லோரும் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் எதையும் காட்டவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

ஐந்து மணி நேர ஏற்றம். உச்சியில் நிற்க விடாத காற்று. படத்தில் பார்த்ததைவிடப் பனி அழுக்காக இருந்தது. ஆனாலும் அழுகை வந்தது. அழுதேன்.

திரும்பி வந்தபோது இவர் விடுதி வாசல் பெஞ்சில், ஷூவைக்கூடக் கழற்றாமல். எங்களுக்குப் பின்னாலேயே தனியாகக் கிளம்பியிருக்கிறார். முதல் வளைவைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்துவிட்டாராம். விடுதிக்காரப் பெண் பார்த்துக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாளாம்.

"கோவமா?" என்றேன்.

"இல்லடி. மூச்சு வாங்குது. மேடுன்னா நெஞ்ச அடைக்குது."

"எப்பத்திலேருந்து?"

"ரெண்டு வருஷமா."

ரெண்டு வருஷம்! சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிடுவேனாம். ஆமா, இழுத்துட்டுத்தான் போவேன், வேற என்ன பண்ணுவேன்? நான் மட்டும் என்ன லட்சணம்? பக்கத்துலயே இருந்திருக்கேன், எதுவும் தெரியல. இந்த மனுஷனைப் போய் மலைக்குக் கூட்டிட்டு வந்திருக்கேனே — அந்த வளைவுலயே ஏதாவது ஆகியிருந்தா?

செப்டம்பர் 8

டிக்கெட்டை மாற்றியாயிற்று. கீழே இறங்க ஜீப் வரும்.

செப்டம்பர் 11, வியாழன்

ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடம். இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. நாளைக் காலை ஆபரேஷன். மலையிலிருந்து உயிரோடு வந்தது அதிர்ஷ்டம் என்றார் டாக்டர்.

மத்தியானம் என் போன் அடித்தது. நாத்தனார்.

"என்னன்னு சொல்லப் போற?" என்றார் இவர்.

"உள்ளதைத்தான்."

தலையாட்டினார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. "எல்லாம் சொல்லு. நான் பயப்படறேன்னு மட்டும் சொல்லாத."

"சரி. நான் பயப்படறேன்னு சொல்லிக்கறேன்."

அப்படியே சொன்னேன். அது பொய்யும் இல்லை.