மகன் கையால் ஒரு பிடி மண்

ஜனவரி 9

கஞ்சியில் உப்பில்லையாம். மாமா கிண்ணத்தைத் தட்டிவிட்டார். சுவரெல்லாம் கஞ்சி. இரண்டு வருடமாகப் படுக்கை. கால் வராது, கை மட்டும் நன்றாகவே வரும். துடைத்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் அதே பல்லவி.

"என் மகன் வராம என்னை மண்ணுல போட்டுறாதே ஃபைனா. அவன் கையால ஒரு பிடி மண்ணு விழணும்."

"மொதல்ல செத்துத் தொலைங்க. மத்தது அப்புறம்" என்றேன். சிரித்தார். இப்படிப் பேசினால்தான் எங்கள் இருவருக்கும் பொழுது போகும். வெளியே மூச்சு உறைகிற குளிர்.

ஜனவரி 12

செத்துத் தொலைந்தார். காலையில் தேநீர் கொண்டுபோனேன். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை.

பக்கத்து வீட்டு நியூரா அக்கா வந்தாள். குளிப்பாட்டினோம். சாவு வீட்டில் முகம் தெரியக் கூடாதென்று சுவர்க் கண்ணாடிகளுக்குத் துணி போர்த்தினாள். என் பங்கையும் சேர்த்து அவளே அழுதுவிட்டாள்.

அர்க்காதிக்குப் போன் செய்தேன். என் புருஷன். வடக்கே எரிவாயு வயலில் வேலை; மூன்று மாதம் அங்கே, ஒரு மாதம் வீட்டில் என்பது பேச்சு. இரண்டு குளிர்காலமாக அந்த ஒரு மாதம் வரவேயில்லை. "கிளம்பிட்டேன். நான் வர்ற வரைக்கும் வச்சிரு" என்றான். குரல் உடைந்திருந்தது. அவனுக்குப் பின்னால் ஒரு பெண் இருமினாள். நல்ல நெஞ்சுச்சளி.

ஜனவரி 13

சவப்பெட்டியைப் பின்கட்டுக் கிடங்கில், தொங்கும் இறைச்சிக்கும் மீனுக்கும் பக்கத்தில் வைத்தோம். குளிர்காலத்தில் செத்தவர்களுக்கு இந்த ஊரில் அவசரமே கிடையாது. தூரத்துப் பிள்ளைகள் வந்து சேரும்வரை உறைந்து கல்லாகக் கிடப்பார்கள். செமியோன் கல்லறையில் விறகு அடுக்கித் தீ மூட்டிவிட்டான். மண் இளகினால்தான் கடப்பாரை இறங்கும். ரத்த உறவு குழி வெட்டக் கூடாது என்பதால் எல்லார் வீட்டுக்கும் அவன்தான்.

ஜனவரி 16

காற்று மேற்கே திரும்பிவிட்டது. வெதுவெதுப்பாக, ஈரமாக. கூரை சொட்டுகிறது. ஜனவரியில்!

ஜனவரி 17

மழை. பனியெல்லாம் சாம்பல் நிறக் கூழ். நடந்தால் பூட்ஸுக்குள் தண்ணீர்.

ஆற்றின் மேல் வண்டி போகிற பனிப்பாதையை மூடிவிட்டார்கள். கோடையில் படகு உண்டு, குளிரில் பனிமேல் வண்டி உண்டு. இப்போது இரண்டும் இல்லை. ரொட்டி வராது. பாதிரியார் வரமாட்டார். அர்க்காதி?

கிடங்குக்குப் போனேன். மாமாவின் நெற்றியெல்லாம் ஈரம், காய்ச்சல் விட்டதும் வியர்ப்பாரே, அப்படி. துடைத்துவிட்டேன். பழக்கதோஷம்.

ஜனவரி 18

அக்கரை நகரம்வரை வந்துவிட்டானாம். ஒரு நண்பன் வீட்டில் இருக்கிறான். "தடுப்பு போட்டிருக்காங்க. ரெண்டு நாள்ல குளிர் திரும்பிரும்னு சொல்றாங்க. வச்சிரு ஃபைனா."

"வச்சிருன்னா? உங்கப்பா என்ன ஊறுகாயா?"

நானும் நியூரா அக்காவும் வாளி வாளியாகப் பனி அள்ளிப் பெட்டியைச் சுற்றிக் கொட்டினோம். அதுவும் உருகுகிற பனிதானே. அக்கா மூக்கைத் தலைத்துணியால் பொத்திக்கொண்டு சொன்னாள்: "வாடை தெருவுக்கு வருதுடி. பொதைச்சிரு. மகன் வந்து கல்லறைல கும்பிட்டுக்கட்டும்."

புதைத்திருக்கலாம். ஏன் புதைக்கவில்லை? கிழவருக்குக் கொடுத்த வாக்கா? வாக்கு எதுவும் நான் கொடுக்கவில்லையே. அவன் வந்து இந்த வாடையை முகர்ந்து பார்க்க வேண்டும். அதுதான் காரணம். எழுதிவிட்டேன், போதும்.

ஜனவரி 19

திருமுழுக்குத் திருநாள். வருடத்திலேயே கொடிய குளிர் விழவேண்டிய நாள். ஆற்றில் சிலுவை வடிவில் பனியை வெட்டித் தண்ணீரில் முங்குவோம். இன்றைக்கு ஒருவரும் கரையை விட்டு இறங்கவில்லை. நாய்கள் கிடங்கைச் சுற்றுகின்றன. இரண்டைக் கட்டையால் அடித்தேன். மூன்றாவது பல்லைக் காட்டியது.

பிறகு அவனுக்குப் போன் போட்டேன்.

"உங்கப்பா உருகிட்டு இருக்காரு. நீ அங்க காலுறை நனையுமேன்னு நிக்கிறே. அந்த இருமல்காரியும் கூட வந்திருக்காளா? அவளை விட்டுட்டு வர மனசில்லையோ? ஆம்பளையா இருந்தா நடந்து வா. இல்லே, நாளைக்குப் பொதைச்சிட்டு அந்த ஒரு பிடி மண்ணை நானே போட்டுருவேன்."

"நான் இந்த ஆத்துல பொறந்து வளந்தவன். எனக்கு யாரும் வழி காட்ட வேணாம்" என்று வைத்துவிட்டான்.

என் நாக்கு அவனை நன்றாகச் சுட்டிருக்கும். எனக்கு இதமாக இருந்தது. இதை எழுதும்போதும் இதமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 20

வந்தான். மதியம், மூடுபனி கொஞ்சம் விலகியபோது. மஞ்சள் மேலங்கி. பையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். அடையாளத்துக்கு ஃபிர் மரக் கிளைகள் நட்டு வைத்த பாதையில் வரவில்லை. கரையோரத்துப் பழைய குளியல் குடிசைப் பக்கம் வரும் குறுக்குவழியில் வந்தான். கடுங்குளிரில் நாங்கள் எல்லாருமே போகிற வழிதான். அங்கே அடியில் ஊற்று இருக்கிறது, பனி மெலிசாகத்தான் கட்டும். குளிர் இறுக்கிப் பிடித்திருக்கிறவரை யாரும் அதை நினைப்பதில்லை. வெளியூர்க்காரன் என்றால் தடுப்பைப் பார்த்ததுமே திரும்பியிருப்பான்.

கரையில் நானும் செமியோனும் நின்றோம். என்னைப் பார்த்துக் கையசைத்தான். செமியோன் கத்தினான்: "அங்க இல்லடா! பாதைக்குப் போடா! ஊத்து இருக்குடா!"

சத்தமே இல்லை. மஞ்சள் இருந்தது. அப்புறம் இல்லை.

செமியோன் பலகையைத் தள்ளிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து போனான். பாதியில் பனி விரிசல் விட்டது. அவனைக் கயிறு போட்டு இழுத்தோம். பை மட்டும் பனிமேல் கிடந்தது.

ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன். வான்னு சொன்னேன், வந்துட்டானே. கூப்பிட்டா வர்றவனா நீ? ரெண்டு வருஷம் கூப்பிட்டேன், வரல. கெஞ்சினேன், வரல. இன்னைக்கு மட்டும் ஏண்டா வந்தே –

ஜனவரி 21

மழை.

ஜனவரி 22

மாமாவைப் புதைத்தோம். பெட்டியைத் திறந்து காட்டவில்லை. காட்டும் நிலையிலும் இல்லை. மண்ணை நான்தான் போட்டேன். "இன்னொரு பிடி போடு, அவன் பேரைச் சொல்லி" என்றாள் நியூரா அக்கா. என்னால் முடியவில்லை.

செமியோன் கடப்பாரையில் சாய்ந்து நின்றான். "பக்கத்துலயே இன்னொண்ணு வெட்டிறவா ஃபைனா? மண்ணு இளகித்தான் கெடக்கு. திரும்ப இறுகிட்டா கஷ்டம்."

"வாயை மூடுடா பாவி" என்று அக்கா அவன் முதுகில் அறைந்தாள். "மே மாசம் பனி உடையாம ஆறு எதையும் திருப்பிக் குடுக்காது."

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வேலைக்காரன் கணக்கு, அவ்வளவுதான்.

ஜனவரி 24

தெரியாத எண். இருமல்.

"அர்க்காதி வந்து சேந்துட்டாரா? போன் எடுக்க மாட்டேங்கிறாரு. நான் இங்க எரிவாயு வயல்ல சமையல் வேலையில இருக்கேன்... கவலையா இருந்துச்சு, அதான்."

"வந்துட்டான்" என்றேன். "இனிமே அங்க வரமாட்டான்."

அவள் அழுதாள். நான் சொன்னதை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். திருத்தவில்லை. அவளுக்காவது அவன் இருக்கட்டும் என்று நினைத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், ஒரு தடவையாவது நான் ஜெயிக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 26

குளிர் திரும்பிவிட்டது. ஒரே இரவில். இவ்வளவு சுலபமாக.

பிப்ரவரி 2

பனிப்பாதையைத் திறந்தார்கள். அர்க்காதி விஷயமாக அக்கரைக் காவல் நிலையத்தில் என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். ரொட்டி வண்டி திரும்பிப் போகும்போது நானும் நியூரா அக்காவும் ஏறிக்கொண்டோம். ஓட்டுகிறவன் ஊருக்குப் புதிது, கலகலப்பானவன். "பயப்படாதீங்க அக்கா, லாரியே போகலாம், அவ்ளோ கெட்டி" என்றான். நியூரா அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆற்றின் நடுவே போனதும் கால்களைத் தரையிலிருந்து எடுத்து இருக்கையில் மடக்கி வைத்துக்கொண்டேன்.

"கால் குளிருதா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். ஹீட்டரைக் கூட்டி வைத்தான்.